கை மாறிய துணியில் தைத்த மேல்சட்டைகள்

ஒரு கல்யாண வீட்டிலிருந்து தாம்பூலப் பையோடு வந்த ரவிக்கைத் துணியை அலமாரியில் வைக்கப் போனபோது, அதை முன்பே எங்கோ பார்த்திருக்கிறேன் என்ற எண்ணம் எழுந்தது. பிரித்துப் பார்த்தேன். கரையோரத்தில் நீல மையில் ‘80’ என்று சிறிதாக எழுதியிருந்தது. வீட்டுக்கு வரும் ஒவ்வொரு துணியின் நீளத்தையும் அளந்து இப்படி ஓரத்தில் குறித்து வைப்பது என் அம்மாவின் வழக்கம். அம்மா யாருக்கோ பால்காய்ச்சு வீட்டில் கொடுத்த அந்த 80 சென்டிமீட்டர் துணி, எத்தனை வீடுகளின் அலமாரிகளில் எத்தனை ஆண்டுகள் இருந்ததோ, ஒருவராலும் தைக்கப்படாமல் கிளம்பிய வீட்டுக்கே திரும்பியிருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் இரணியலுக்கும் இடையில் உள்ள எங்கள் ஊரில் இது வியப்புக்குரிய செய்தியே அல்ல. கிறிஸ்துமஸ், ஓணம், தீபாவளி, கல்யாணம், பிள்ளைக்குப் பெயரிடுதல் என எல்லாவற்றுக்கும் துணி கொடுக்கிறோம். வாங்குகிறவருக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை, அல்லது தையற்கூலி துணியின் விலையைவிடக் கூடுதல் என்று தோன்றுகிறது. துணி அடுத்த விசேஷத்துக்காகக் காத்திருக்கத் தொடங்குகிறது.

ஆகவே துணி மாற்றிக்கொள்ளுதல் என்பது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றல்ல. சொல்லாமல் நடந்துகொண்டிருந்ததைச் சொல்லிச் செய்யத் தொடங்கினோம், அவ்வளவுதான். 2021-ஆம் ஆண்டு ஊரடங்கில் துணிக்கடைகள் மூடிக் கிடந்தபோது, வளர்ந்துவிட்ட என் மகளுக்குப் பழைய டாப்ஸ் ஒன்றும் சேரவில்லை. அடுத்த வீட்டு அக்காவிடம் இரண்டு சுடிதார் துணிகள் பிரிக்கப்படாமல் இருந்தன. என்னிடம் அவர்களுடைய தாயாருக்கு ஏற்ற வெள்ளைப் பருத்தித் துணி மூன்று மீட்டர் இருந்தது. மதிலுக்கு மேலாகவே மாற்றிக்கொண்டோம். இப்போது பதினொரு வீட்டுப் பெண்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு முன்வராந்தாவில் பாய் விரித்துத் துணிகளைப் பரப்புகிறார்கள்.

முதல் இரண்டு கூட்டங்களுக்கு விதி என்று எதுவும் இருக்கவில்லை. மூன்றாவதில் மனத்தாங்கல் வந்தது. விலை உயர்ந்த பட்டுப் பருத்தியைக் கொண்டுவந்த ஒருவர், அதற்கு ஈடாக எடுத்துச் சென்ற துணியை வீட்டில் நனைத்ததும் அது நீளத்தில் ஒரு சாண் குறைந்துபோனது. அதைவிடப் பெரிய வருத்தம் இன்னொருவருக்கு. தம் கையால் தேர்ந்து ஒருவருக்குக் கொடுத்த துணி, வேறொருவர் மேல் சட்டையாக நடந்துவருவதை அவர் தேவாலய வாசலில் வைத்துப் பார்த்துவிட்டார். இதன் பிறகு நாங்களாக ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்கை, இப்படித் தொடங்க நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். துணியை நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே கொண்டுவர வேண்டும். நனைத்த பிறகு எடுத்த நீளத்தையும் அகலத்தையும் ஒரு சீட்டில் எழுதி நூலால் கட்டி வைக்க வேண்டும். குண்டூசி கூடாது. கடற்காற்று உள்ளவரை எங்கள் ஊரில் குண்டூசி என்பது துருக்கறையின் விதைதான். பருத்திக்கு மீட்டருக்கு மீட்டர் கணக்கு. சரிகையும் பட்டும் தனிக் கணக்கு. அன்பளிப்பாக வந்த துணியென்றால் கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பாயில் வைக்க வேண்டும். இந்தக் கடைசி விதியைச் சொல்லும்போது எல்லோரும் சங்கடப்பட்டோம். ஆனால் கேட்கப் போனால், பெரும்பாலானோர் “நானும் எங்கேயோ கிடைச்சதைத்தான் உனக்குக் குடுத்தேன்” என்று சிரித்துவிடுகிறார்கள்.

கடையில் துணி வாங்குகிறவர் முதலில் எந்த மாதிரிச் சட்டை வேண்டும் என்று தீர்மானித்து, அதற்கேற்ற துணியைத் தேடுகிறார். மாற்றுத் துணியில் தைப்பவருக்கு அந்த வசதி இல்லை. துணி என்ன தர முடியுமோ அதுவே சட்டை. இதை ஒத்துக்கொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. அதற்குள் நான்கு துணிகளைப் பாழாக்கியிருந்தேன். இப்போது கத்தரியை எடுப்பதற்கு முன் துணியோடு ஒரு முழு நாளைச் செலவிடுகிறேன். முதல் வேலையாக அதைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். பல ஆண்டுகள் மடிப்பிலேயே இருந்த துணியில் மடிப்புக் கோடு வெளுத்திருக்கும். அந்தக் கோடு நெஞ்சின் நடுவில் விழாதபடி விலாத் தையலுக்குள் தள்ளிவிட வேண்டும். இங்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் மற்றொரு மழை என்று இரண்டு பருவமும் பெய்வதால் அலமாரித் துணிகளில் கரும்புள்ளியாகப் பூசணம் பிடிக்கிறது. நூலுக்குள் இறங்கிவிட்ட அந்தப் புள்ளி எந்தச் சோப்புக்கும் மசியாது. அடுத்ததாகத் துணியின் ஓர் ஓரத்தை இரு கட்டைவிரல்களுக்கும் இடையில் இறுக்கிப் பிடித்து விலக்கிப் பார்ப்பேன். ‘சர்’ என்று கேட்டால் நூல் இற்றுப்போயிற்று என்று பொருள். அதில் சட்டை தைத்தால் முதல் தடவை கையைத் தூக்கும்போதே கைக்குழியில் கிழியும். அத்தகைய துணி கைப்பிடித் துணியாகச் சமையலறைக்குப் போகட்டும்.

என்ன நூல் என்று தெரியாத துணிக்குத் தீச்சோதனை உண்டு. நீளவாட்டு நூலான பாவிலிருந்து நான்கு இழை, குறுக்குவாட்டு நூலான ஊடையிலிருந்து நான்கு இழை எனத் தனித்தனியாக உருவி, தண்ணீர்த் தட்டின் மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்த வேண்டும். பருத்தி காகிதம்போல எரிந்து, காகித வாசனையோடு மென்மையான சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகிக் கடினமான மணியாக உறையும். பட்டு மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு தானாகவே அணையும். பாவையும் ஊடையையும் பிரித்துச் சோதிப்பது வீண் வேலையன்று. ஒன்று பருத்தியும் மற்றது பாலியெஸ்டருமாக நெய்த துணிகள் எங்கள் பாயில் எத்தனையோ தடவை பருத்தி என்ற பெயரில் வந்திருக்கின்றன. சித்திரை மாதத்துப் புழுக்கத்தில் உடுத்தியவருக்குத்தான் அந்த வேறுபாடு தெரியும். சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தவருக்கும் தெரியும்.

கழுவிக் கொண்டுவர வேண்டும் என்ற விதி இருந்தாலும் நான் மறுபடியும் ஓர் இரவு வெறும் தண்ணீரில் ஊறப்போடுவேன். பருத்தி முதல் நனைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கும். கைத்தறி சில சமயம் அதற்கும் மேல். சாயத்தைப் பற்றி எங்களிடையே பெரிய நம்பிக்கை ஒன்று இருந்தது: ஒரு கைப்பிடி கல்லுப்பைப் போட்டால் சாயம் நிற்கும் என்பது. அதை நம்பி, கரும்சிவப்புக் கைத்தறியையும் வெள்ளைத் துணியையும் சேர்த்து நான் தைத்த சட்டை, முதல் துவைப்பிலேயே செம்பருத்திச் சாறு கொட்டியதுபோல் ஆயிற்று. உப்பு, சாயம் ஏற்றும் தொட்டியில் சாயம் நூலுக்குள் ஏற உதவுவது. சரியாகப் பிடிக்காமல் துணியில் தங்கிவிட்ட மிச்சச் சாயத்தை அது பிடித்து நிறுத்துவதில்லை. அந்த மிச்சத்தை அலசி அலசி வெளியேற்றுவது ஒன்றே வழி. ஈரமான வெள்ளைக் கைக்குட்டையைத் துணிமேல் அழுத்தித் தேய்த்து, நிறம் ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகே வெளிர் நிறத்தோடு அதைச் சேர்க்கிறேன்.

இனி, கையில் அதிகமாகச் சேரும் ரவிக்கைத் துணிகளைப் பற்றி. ஒரு துண்டில் வளர்ந்த பெண்ணுக்கு மேல்சட்டை வராது. ஒத்த கனமுள்ள இரண்டு துண்டுகளில் தாராளமாக வரும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்குப் பல மாலைகள் பிடித்ததால் விரிவாகவே எழுதுகிறேன். 80 சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய முப்பத்தொன்றரை அங்குலம். நனைத்தபின் முப்பதரை என்று கொள்ளலாம். அகலம் பெரும்பாலும் 36 அங்குலம். மார்புச் சுற்றளவு 36 அங்குலம் உள்ளவருக்கு, தளர்வுக்காக நான்கு அங்குலம் சேர்த்தால் 40. முன்புறத்துக்கு 20, பின்புறத்துக்கு 20. இருபக்கத் தையலுக்கும் அங்குலம் ஒன்று வீதம் விட்டால் 22. இடுப்புக்குக் கீழே 23. ஆக, ஒரு துண்டில் முன்புறம், மற்றதில் பின்புறம் என வெட்டிய பிறகு, ஒவ்வொன்றிலும் 13 அங்குல அகலத்தில் முப்பதரை அங்குல நீளமுள்ள பட்டை ஒன்று மீதமாகும். கை வெட்ட 15 அங்குல அகலம் தேவைப்படுவதால் இந்தப் பட்டை போதாது என்று முதலில் ஒதுக்கிவைத்தேன். பிறகுதான் பட்டையைத் திருப்பிப் போடத் தோன்றியது: 13 அங்குலத்தைக் கையின் நீளமாகவும், முப்பதரை அங்குலத்தை இரண்டு கைகளின் அகலமாகவும் கொண்டால் 15-ம் 15-மாகக் கச்சிதமாக அடங்கிவிடுகிறது. கைக்கு மட்டும் இழை குறுக்காக ஓடும். கோடு போட்ட துணியானால் கோடு வளையம்போல வரும். அது அழகாகவே இருக்கிறது. இரண்டாவது பட்டையிலிருந்து கழுத்து ஓரத்துக்கான கிராஸ் பீஸும் (மூலைவிட்டமாக வெட்டிய பட்டை) ஒரு பையும் எடுத்துக்கொள்ளலாம். தோளில் அரை அங்குலமும் கீழ்மடிப்புக்கு ஒன்றரை அங்குலமும் போனால் சட்டையின் நீளம் இருபத்தெட்டரை அங்குலம் நிற்கும். ஜீன்ஸுக்கும் பாவாடைக்கும் மேல் போட அது போதும். முழங்கால் வரை வேண்டும் என்று கேட்பவருக்கு இந்த வழி உதவாது.

இரண்டு துண்டுகளும் இரண்டு நிறமாக இருந்தால் என்ன செய்வது என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். முன்புறம் ஒன்று, பின்புறம் மற்றொன்று என்று தைத்தால் துணி பற்றாமல் தைத்தது என்று பார்த்தவுடன் தெரியும். அதே நிறத்தைக் கழுத்துப் பட்டியிலும் கை ஓரத்திலும் பையிலும் மறுபடி கொண்டுவந்துவிட்டால் வேண்டுமென்றே செய்ததாக ஆகிவிடும்.

தையல் வேலையில் சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள தூரம் ஒரு தோள்தையல்தான். ஒருமுறை இரண்டரை மீட்டர் கிளிப் படம் போட்ட துணி எனக்கு வாய்த்தது. தோளில் வெட்டாமல் துணியை மேலே மடித்து, நடுவில் கழுத்தை மட்டும் வெட்டினால் ஒரு தையல் மிச்சம் என்று எண்ணினேன். சட்டை முடிந்து மகள் கண்ணாடி முன் நின்று திரும்பியபோது, முன்புறக் கிளிகள் நிமிர்ந்தும் பின்புறக் கிளிகள் தலைகீழாகவும் இருந்தன. மாங்காய், யானை, பூச்செடி என்று தலையும் காலும் உள்ள எந்தப் படத்துக்கும் இதே கதிதான். அவள் அதை இரவில் மட்டும் உடுத்தினாள். இழை ஓட்டமும் அப்படியே ஏமாற்றும். கரைக்கு இணையான பாவு இழை சட்டையில் மேலிருந்து கீழாக நேரே இறங்க வேண்டும். துண்டுத் துணிகளில் கரையை ஏற்கனவே வெட்டிவிட்டிருப்பார்கள். அப்போது எந்தப் பக்கம் பாவு என்று தெரியாது. நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் இழுத்துப் பார்த்தால், குறைவாக நெகிழும் பக்கம் பெரும்பாலும் பாவு. பிறகு ஓரத்தில் ஓர் இழையை உருவி, அது விட்ட தடத்தின் வழியே வெட்டி நேராக்கிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் கண்மதிப்பில் வெட்டிய என் இரண்டாவது சட்டை, நான்கு துவைப்புக்குப் பிறகு விலாத் தையல் தொப்புளை நோக்கி நடக்கும் அளவுக்கு முறுக்கிக்கொண்டது.

அளவெடுப்பது பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நன்றாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்றைத் தியாகம் செய்து, தையலைப் பிரித்து, காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். எண்களை மனப்பாடம் செய்து கைக்குழி வரைவதைவிட அது நம்பத்தக்கது. கழுத்தை மட்டும் எப்போதும் நினைத்ததைவிட ஓர் அங்குலம் குறைத்தே வெட்டி, போட்டுப் பார்த்து, பிறகு இறக்குங்கள். கிராஸ் பீஸ் ஒன்றேகால் அங்குல அகலத்தில் சரியான மூலைவிட்டமாக இருக்க வேண்டும். அது நேர் இழையில் வெட்டப்பட்டிருந்தால் கழுத்து வளைவில் படியாமல் வாய் பிளந்து நிற்கும். கைத்தறித் துணியில் ஓரம் பிசிறுவதால், ஓவர்லாக் மெஷின் இல்லாத நான் விலாவை இரண்டு முறை தைக்கிறேன்: நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வைத்துக் கால் அங்குலத்தில் ஒரு தையல், பிசிறை ஒட்ட வெட்டி, உள்பக்கம் திருப்பி, அந்தப் பிசிறு உள்ளே அடங்கும்படி இன்னொரு தையல். விலாவுக்கு ஓர் அங்குலம் விட்டிருப்பது இதற்கும் சேர்த்துத்தான். உட்புறமும் வெளிப்புறம்போல் சுத்தமாக இருக்கும்.

பாயில் வந்தவற்றில் என்னால் மறக்க முடியாதது ஒரு முழம் லேஸ். எங்கள் தெருவில் எண்பது வயதைக் கடந்த ஆச்சி ஒருவர், பிஸ்கட் டின்னிலிருந்து அதை எடுத்து, பேத்திக்கு ஒரு சட்டைத் துணி வேண்டும் என்று கேட்டார். சிறு மரக்கட்டைகளில் நூலைச் சுற்றி, தலையணைமேல் நட்ட குண்டூசிகளுக்கு இடையே மாற்றி மாற்றிப் பின்னும் அந்த லேஸை அவர் சிறுமியாக இருந்தபோது தாமே பின்னியிருக்கிறார். 1820-களின் தொடக்கத்தில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் கற்றுக்கொடுக்கப்பட்ட கைவேலை அது. அங்கிருந்து தெற்குத் திருவிதாங்கூர் ஊர்களின் வீடுகளுக்கு வருமானமாகப் பரவியது. “இந்த ஊர்ல பொம்பளைங்க சட்டை போடுததுக்கே அடி வாங்குன காலம் உண்டு, தெரியுமா மக்களே?” என்றார் ஆச்சி. தெரியும், எல்லோரும் ஏதோ ஓர் அளவுக்குத் தெரிந்துதான் வளர்கிறோம். குப்பாயம் என்ற தளர்ந்த மேல்சட்டையை அணிந்த பெண்கள் சந்தையில் வைத்துத் துன்புறுத்தப்பட்டதும், பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலை 26 அன்று மேலாடைக்கு அனுமதி தந்து திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் பிரகடனம் வந்ததும், அப்போதுகூட மேல்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டு வந்ததும் இந்த மாவட்டத்தின் வரலாறு. ரவிக்கையை ஆச்சி இன்றும் ‘ஜம்பர்’ என்றுதான் சொல்வார். அவருடைய அம்மா தைத்த ஜம்பரில் பொத்தான் கிடையாதாம். முடிச்சுப் போடும் நாடா மட்டுமாம்.

அந்த லேஸை நான் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. துணியை மட்டும் ஊறவைத்து, லேஸை ஊறவைக்காமல் கழுத்தில் தைத்துவிட்டேன். அறுபது எழுபது ஆண்டுகளாகத் தண்ணீர் படாமல் டின்னில் இருந்த பருத்தி நூல் முதல் துவைப்பில் சுருங்கி, கழுத்தைச் சுருக்குப்பை வாய்போல் இழுத்துவிட்டது. ஒவ்வொரு தையலாகப் பிரித்து, லேஸைத் தனியாக நனைத்து, துண்டின்மேல் பரப்பி ஈரத்தோடே விரல்களால் நீவி, நிழலில் உலர்த்தி, இரண்டாம் முறை கையால் தைத்தேன். சட்டையில் சேரும் எல்லாமே, லேஸ், நாடா, கழுத்துப் பட்டி, உள்துணி வரை, ஒன்றாகத் தண்ணீரில் இறங்கி ஏற வேண்டும் என்று அன்றைக்குத்தான் கற்றேன். ஆச்சி அந்தச் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, “நீ பிரிச்சுத் தைச்சது தெரியுது. சாரமில்லை” என்று சொன்னார். பரவாயில்லை என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது.

என்னுடையது அம்மா காலத்து மிதி மெஷின். மழைக்காலத்தில் அதன் தோல் பெல்ட் ஈரம் குடித்துத் தளர்ந்து, சக்கரம் சுற்றினாலும் ஊசி நகராது. அரை அங்குலம் வெட்டிவிட்டுக் கொக்கியை மறுபடி மாட்டினால் சரியாகும். மெல்லிய மல் துணிக்கு 11-ஆம் எண் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, கனமான கைத்தறிக்கு 16 என்று மாற்றிக்கொள்வதை மட்டும் சோம்பலுக்காக விட்டுவிடாதீர்கள். துணி மாறிக்கொண்டே இருக்கும் இந்த வகைத் தையலில், போன வாரத்து ஊசி இந்த வாரத்துத் துணியில் தையல் விட்டுவிட்டுப் போகும். தைக்கும் முன் அதே துணியின் வெட்டுத் துண்டில் ஒரு சாண் தைத்துப் பார்த்து, மேல்நூலும் பாபின் நூலும் ஒன்றையொன்று இழுக்காமல் இருக்கிறதா என்று கவனிப்பேன். நூலும் பொத்தானும் மட்டும் திங்கள்சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறேன். பழைய நூல்கண்டுகளையும் பாயில் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கையால் இழுத்தாலே அறுந்த நூலை வைத்துத் தைத்து யாருக்கு என்ன லாபம் என்று மறுத்துவிட்டேன்.

போன மாதக் கூட்டத்தில் ஓணத்துக்கு வந்த பலராமபுரம் நேரியது என்ற கேரளத்து மேல்துண்டு ஒன்று என் பங்காக வந்தது. இரண்டே முக்கால் மீட்டர், இரு ஓரமும் கசவு என்னும் பொன்னிறச் சரிகை. மகள் அதில் முழங்கால் வரை நீளமான சட்டை கேட்கிறாள். கசவுக் கரை நீளவாட்டில் ஓடுவதால், அதைக் கீழ்விளிம்பில் கொண்டுவர வேண்டுமானால் துணியைக் குறுக்காகத் திருப்ப வேண்டும். திருப்பினால் பாவு இழை நெஞ்சுக்குக் குறுக்கே கிடக்கும். கரையைத் தனியாக வெட்டி எடுத்துக் கீழே ஒட்டித் தைத்தால் இழை நேராக நிற்கும்; ஆனால் கசவை வெட்டிய பக்கத்தில் பிசிறு தாங்காது. இரண்டையும் காகிதத்தில் வெட்டிப் பார்த்துவிட்டேன். துணியை ஊறவைத்து உலர்த்தி, கசவு மடங்காமல் ஒரு மூங்கில் கழியில் சுற்றி வைத்திருக்கிறேன். கத்தரியை இன்னும் எடுக்கவில்லை.